டொமைன் யாரிடம் வாங்குவது? ரெஜிஸ்ட்ராரைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கடைக்கோ தொழிலுக்கோ டொமைன், அதாவது இணையத்தில் தமக்கென ஒரு முகவரிப் பெயர், எடுக்க வருபவர்கள் பெயரை யோசிப்பதில் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதை யாரிடம் பதிவது என்பதை மட்டும் கூகுளில் முதலில் வரும் விளம்பரத்திடம் விட்டுவிடுகிறார்கள். பெயர் சரியில்லை என்று பின்னால் வருந்துபவர்கள் குறைவு. இரண்டாம் வருட பில்லைப் பார்த்தோ, கணக்கே தன் கையில் இல்லை என்று தெரிந்தோ திகைத்து நிற்பவர்கள்தான் அதிகம்.

டொமைனை நமக்காகப் பதிந்து தரும் நிறுவனம்தான் ரெஜிஸ்ட்ரார். அவரை எடைபோட முதல் வருட விலை உதவாது. மூன்று கேள்விகள் உதவும். இரண்டாம் வருடம் எவ்வளவு கேட்பார்? விட்டுப் போக நினைத்தால் எளிதாக விடுவாரா? கணக்கின் சாவி யார் கையில் இருக்கும்? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்றுக்கும் விடை தேடுபவைதான். டாட் காம் அல்லது டாட் இன் பெயரை இந்தியாவிலிருந்து முதல்முறை வாங்கும் ஒருவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். சில படிகளை முன்பின்னாகப் போட்டால் 60 நாள் காத்திருக்க வேண்டிவரும்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் ஒரு மின்னஞ்சல் முகவரி. வாங்கப்போகும் டொமைனிலேயே உருவாக்கும் முகவரியாக அது இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த முகவரிக்கு வரும் அஞ்சலும் நின்றுவிடும். காலாவதி எச்சரிக்கை, பாஸ்வேர்டு மீட்பு இணைப்பு எல்லாம் போகும் இடம் அதுதான் என்றால், வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளேயே வைத்த கதையாகிவிடும். தனியாக ஒரு ஜிமெயில் முகவரி போதும். ஊழியர் முகவரி வேண்டாம், வெப் டிசைனர் முகவரி வேண்டவே வேண்டாம். தொழில் உரிமையாளரின் கைபேசி எண்ணோடு இணைந்த முகவரியாக இருக்கட்டும்.

இரண்டாவது, பணம் கட்டும் வழி. வெளிநாட்டு ரெஜிஸ்ட்ராரிடம் வாங்குவதாக இருந்தால் உங்கள் கார்டில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையை இயக்கி வைத்திருக்க வேண்டும். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். மற்றதை வங்கி ஆப்பில் நாம்தான் இயக்க வேண்டும். இதைச் செய்யாமல் மூன்று முறை கார்டு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘அந்த சைட் சரியில்லை’ என்று வேறு இடத்துக்கு ஓடுபவர்கள் உண்டு.

மூன்றாவது, சட்டப்படியான பெயரும் முகவரியும். ஜிஎஸ்டி சான்றிதழிலோ அடையாள அட்டையிலோ எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாட் இன் பெயருக்கு அடையாளச் சரிபார்ப்பு கேட்கப்படலாம். கணக்கை மீட்க வேண்டிய நாளில் ஆவணமும் பதிவும் ஒத்துப்போனால்தான் வேலை நடக்கும்.

2. யார் யார் என்ன செய்கிறார்கள்

பெயரின் கடைசியில் வரும் டாட் காம், டாட் இன் போன்ற பகுதிதான் எக்ஸ்டென்ஷன். ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனின் மூலப் பதிவேட்டையும் வைத்திருப்பவர் ரெஜிஸ்ட்ரி. டாட் காமுக்கு வெரிசைன், டாட் இன்னுக்கு நிக்ஸி, அதாவது இந்தியத் தேசிய இணையப் பரிமாற்றகம். அந்தப் பதிவேட்டில் நமக்காக எழுதும் உரிமை பெற்றவர் ரெஜிஸ்ட்ரார். கோடாடி, நேம்சீப், கிளவுட்ஃப்ளேர், போர்க்பன், ஹோஸ்டிங்கர், பிக்ராக் போன்றவை நீங்கள் கேள்விப்பட்ட பெயர்களாக இருக்கும். ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கி நமக்கு விற்பவர் ரீசெல்லர். தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் முற்றிலும் வேறு. ஒரே நிறுவனம் இரண்டையும் விற்கலாம், ஆனால் வேலைகள் இரண்டும் வேறு வேறு.

இது எதற்கு என்றால், சிக்கல் வரும்போது எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டும். தளம் மெதுவாக இருந்தால் ஹோஸ்டிங்கைக் கேட்க வேண்டும். பெயரே திறக்கவில்லை என்றால் ரெஜிஸ்ட்ராரைக் கேட்க வேண்டும்.

3. டொமைன் யார் பெயரில் இருக்கும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்

அதிகம் பேர் விழும் குழி இதுதான். டிசைனர் ‘பத்தாயிரம் கொடுங்க சார், டொமைன், ஹோஸ்டிங், டிசைன் எல்லாம் சேர்த்து முடிச்சுத் தர்றேன்’ என்கிறார். தன் கணக்கிலேயே, தன் பெயரிலேயே பதிகிறார். பெரும்பாலும் கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, அவருக்கு அது வசதி. இரண்டு வருடம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார், எண்ணை மாற்றிவிடுகிறார், ரினியூவல் எச்சரிக்கை அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போய்க் கிடக்கிறது. கடையின் பெயர்ப் பலகை, பில் புத்தகம், விசிட்டிங் கார்டு என்று எல்லாவற்றிலும் அச்சடித்த முகவரி ஒருநாள் திறப்பதில்லை.

பதிவில் ரெஜிஸ்ட்ரன்ட் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பெயரை வைத்திருப்பவர். பணம் யார் கட்டினார் என்பது அங்கே எழுதப்படுவதில்லை. அதிலேயே ‘ஆர்கனைசேஷன்’ என்று ஒரு கட்டமும் இருக்கும். டாட் காம் போன்ற பொது எக்ஸ்டென்ஷன்களில் அந்தக் கட்டத்தில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், தனிமனிதரை அல்ல, அந்த நிறுவனத்தைத்தான் உரிமையாளராகக் கொள்வார்கள். டிசைனர் தன் ஏஜென்சியின் பெயரை அங்கே விட்டுவைத்தால் உரிமை அவர் பக்கம் போய்விடும். உங்கள் பெயரில் வாங்கும்போதும் அந்தக் கட்டத்தை யோசித்து நிரப்புங்கள். முறையாகப் பதிவு பெற்ற நிறுவனம் இருந்தால் அதன் பெயரை எழுதுங்கள், இல்லையென்றால் காலியாக விடுங்கள்.

டிசைனர் எப்படி வேலை செய்வார் என்ற கேள்வி வரும். அவருக்குத் தேவை நேம்சர்வரையோ டிஎன்எஸ் பதிவுகளையோ மாற்றுவது மட்டும்தான். தளமும் மின்னஞ்சலும் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் குறிப்புகள் டிஎன்எஸ் பதிவுகள், அவற்றை வைத்திருக்கும் கணினி நேம்சர்வர். பல ரெஜிஸ்ட்ரார்களில், அவருடைய சொந்தக் கணக்குக்கு உங்கள் டொமைனைக் கையாளும் அனுமதியை மட்டும் பகிர முடியும். அது இல்லாத இடத்தில், அவர் கேட்கும் மதிப்புகளை வாட்ஸப்பில் வாங்கி நீங்களே உள்ளிடலாம். நேம்சர்வரை மாற்றுவது இரண்டு வரி வேலைதான். பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

4. எக்ஸ்டென்ஷனை முடிவு செய்த பிறகே ரெஜிஸ்ட்ராரைத் தேடுங்கள்

எல்லா ரெஜிஸ்ட்ராரும் எல்லா எக்ஸ்டென்ஷனையும் விற்பதில்லை. சிலவற்றை ஒரே ஒரு இடத்தில்தான் வாங்க முடியும். கல்லூரிகளுக்கான ஏசி டாட் இன், எடு டாட் இன் பெயர்களை எர்நெட் என்ற அரசு சார்ந்த கல்வி வலையமைப்பு மட்டுமே தருகிறது. வங்கிகளுக்கான பேங்க் டாட் இன்னுக்கு, ரிசர்வ் வங்கி தொடங்கிய ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டும். இலங்கையின் டாட் எல்கே பெயருக்கு எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியிடமே நேரடியாகப் போகலாம்.

தமிழ் எழுத்திலேயே பெயர் வேண்டுமென்றால் டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழில் உண்டு. ஆனால் பரவலாகத் தெரிந்த பல ரெஜிஸ்ட்ரார்கள் இவற்றை விற்பதில்லை. அதனால் இந்தப் பெயர்களைப் பொறுத்தவரை, தேடலை அந்தந்த ரெஜிஸ்ட்ரியின் பட்டியலிலிருந்து தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பொது எக்ஸ்டென்ஷன்களுக்கு, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதிகள் பொருந்தும். டாட் இன், டாட் எல்கே போன்ற நாட்டு எக்ஸ்டென்ஷன்களுக்கு அந்தந்த நாட்டு ரெஜிஸ்ட்ரியின் விதிகள்தான். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, டாட் காமுக்குப் படித்ததை டாட் இன்னில் எதிர்பார்க்கக் கூடாது. உதாரணத்துக்கு, பதிவு விவரங்களை மறைக்கும் ப்ரைவசி சேவையை டாட் காமுக்குப் பலர் இலவசமாகவே தருகிறார்கள். டாட் இன்னில் அந்தச் சேவைக்கு அனுமதி இல்லை.

இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன்கள் தொழிலுக்கு வேண்டாம். டாட் டிகே போன்ற பெயர்களை இலவசமாக வழங்கிய ஃப்ரீனம் நிறுவனம் 2023-இல் புதிய பதிவுகளை நிறுத்தி, 2024-இல் அந்தத் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது. நம்பி இருந்தவர்கள் நடுவில் நின்றார்கள்.

5. அங்கீகாரத்தைச் சரிபாருங்கள்

டாட் காமுக்கு, ஐகேன் தளத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட ரெஜிஸ்ட்ரார்கள் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். டாட் இன்னுக்கு, ரெஜிஸ்ட்ரி டாட் இன் தளத்தில் பட்டியல் இருக்கிறது. பெயர் இல்லையென்றால் அவர் ரீசெல்லர் என்று பொருள்.

ரீசெல்லர் என்றாலே தவறு என்று சொல்ல மாட்டேன். உள்ளூரில், தமிழில் பேசி, யுபிஐ-யில் பணம் வாங்கி, ஜிஎஸ்டி பில் கொடுக்கும் ரீசெல்லர்கள் நல்ல உதவியாக இருக்கிறார்கள். ஆனால் அவருக்குப் பின்னால் இருக்கும் ரெஜிஸ்ட்ரார் யார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் கடையை மூடினால் நீங்கள் போக வேண்டிய இடம் அது. கேட்டதற்குப் பதில் சொல்லத் தயங்கினால் அங்கே வாங்க வேண்டாம்.

அங்கீகாரம் பெற்ற ரெஜிஸ்ட்ரார் உங்கள் பதிவு விவரங்களின் நகலை மூன்றாம் தரப்பு ஒன்றிடம் ஒப்படைத்து வைக்க வேண்டும் என்பது ஐகேன் விதி. 2007-இல் ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற ரெஜிஸ்ட்ராரின் அங்கீகாரத்தை ஐகேன் ரத்து செய்தபோது, அங்கிருந்த பெயர்களைக் கோடாடிக்கு மாற்ற வேண்டியிருந்தது. பதிவு விவரங்களின் நகல் எவ்வளவு அவசியம் என்பதை அந்தச் சிக்கல் காட்டியது.

6. ஐந்து வருடக் கணக்குப் போடுங்கள்

முதல் வருட விலைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ரினியூவல் விலை இருக்கும். சில தளங்களில் அது கார்ட் பக்கத்தில், அதாவது வாங்குவதைச் சேர்த்துப் பணம் கட்டும் பக்கத்தில்கூட இருக்காது, தனி விலைப்பட்டியல் பக்கத்தில் ஒளிந்திருக்கும். தேடி எடுங்கள். கிடைக்கவே இல்லையென்றால் அந்த ரெஜிஸ்ட்ராரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

அடக்கவிலை தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். ஒரு டாட் காமுக்கு ரெஜிஸ்ட்ரார் வெரிசைனுக்குக் கட்டும் தொகை 2024 செப்டம்பர் முதல் வருடத்துக்கு 10.26 டாலர். ஐகேன் கட்டணம் 2025 ஜூலை முதல் 20 சென்ட். ஆக 10.46 டாலருக்குக் கீழே யார் விற்றாலும் கைக்காசு போட்டுத்தான் விற்கிறார். அந்த நஷ்டத்தை ரினியூவலிலோ, கூடவே விற்கும் சேவைகளிலோ எடுத்தாக வேண்டும். கிளவுட்ஃப்ளேர் இந்த அடக்கவிலைக்கே, லாபம் வைக்காமல் விற்கிறது. அதற்கான நிபந்தனையைக் கீழே 8-ஆம் படியில் சொல்கிறேன்.

ஒரு மாதிரிக் கணக்கு. முதல் கடையில் முதல் வருடம் 99 ரூபாய், பிறகு வருடம் 1,400. இரண்டாம் கடையில் எல்லா வருடமும் 1,100. ஐந்து வருடத்துக்கு முதல் கடையில் 5,699, இரண்டாம் கடையில் 5,500. முதல் கடை ப்ரைவசிக்கு வருடம் 300 கேட்டால் அங்கே மொத்தம் 7,199 ஆகிவிடும். 99 ரூபாய்க்கு வாங்கியது மலிவே இல்லை.

இதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். வெளிநாட்டு நிறுவனங்களிலும் பல, இந்திய வாடிக்கையாளரிடம் வரியைச் சேர்த்தே பில் போடுகின்றன. டாலரில் கட்டினால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் உண்டு. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால், உங்கள் ஜிஎஸ்டி எண்ணுடன் பில் தருகிறாரா என்று பாருங்கள். வரியைத் திரும்பப் பெற அது தேவை.

இன்னொன்று, ‘ப்ரீமியம்’ என்று குறிக்கப்பட்ட பெயர்கள். இவற்றின் விலையை ரெஜிஸ்ட்ரியே உயர்த்தி வைத்திருக்கலாம். அப்படியானால் ரினியூவலும் பெரும்பாலும் அதே உயர்ந்த விலையில் வருடாவருடம் வரும். அந்த வகைப் பெயரை ரெஜிஸ்ட்ரார் மாறியும் குறைக்க முடியாது. வாங்கும் முன் ரினியூவல் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

7. வெளியேறும் வழியைப் படித்த பிறகே உள்ளே போங்கள்

ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராரின் உதவிப் பக்கத்திலும் ‘வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றுவது எப்படி’ என்ற கட்டுரை இருக்க வேண்டும். அதை வாங்கும் முன்பே படியுங்கள். ஒரு நிறுவனம் வாடிக்கையாளரை எப்படி மதிக்கிறது என்று அந்த ஒரு பக்கம் காட்டிவிடும்.

பார்க்க வேண்டியது இவை. பெயர் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாறாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக்கை நீங்களே கணக்குக்குள் சென்று திறக்க முடிகிறதா? மாற்றத்துக்குத் தேவையான ஆத் கோடு என்ற ரகசியக் குறியீடு பொத்தானை அழுத்தினால் கிடைக்கிறதா, அல்லது டிக்கெட் போட்டுக் காத்திருக்கச் சொல்கிறார்களா? ஐகேன் விதிப்படி, கேட்ட ஐந்து நாளுக்குள் அந்தக் கோடைத் தந்தாக வேண்டும். நல்ல ரெஜிஸ்ட்ரார்கள் உடனே தருகிறார்கள். வெளியே போவதற்குத் தனிக் கட்டணம் என்று எங்காவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

தற்போதைய விதிகளில் மூன்று 60 நாள் பூட்டுகளை நினைவில் வைக்க வேண்டும். புதிதாகப் பதிந்த டாட் காமை 60 நாளுக்கு வேறு இடத்துக்கு மாற்ற முடியாது. ஒருமுறை மாற்றிய பிறகும் அதே 60 நாள். உரிமையாளரின் பெயர், நிறுவனம், மின்னஞ்சல் ஆகியவற்றில் எதை மாற்றினாலும் இந்தப் பூட்டு விழும். மாற்றும் முன்பே பூட்டு வேண்டாம் என்று தேர்வு செய்யும் வசதியைச் சில ரெஜிஸ்ட்ரார்கள் மட்டும் தருகிறார்கள்.

அதனால்தான் ‘இப்போதைக்கு இங்கே வாங்கிவைப்போம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம்’ என்ற கணக்கு பலிக்காது.

8. கணக்குப் பாதுகாப்பும் டிஎன்எஸ் வசதியும்

பாஸ்வேர்டோடு இன்னொரு அடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும். எஸ்எம்எஸ் ஓடிபி மட்டும் தரும் இடத்தைவிட கைபேசியிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆதெண்டிகேட்டர் ஆப்பையும் ஏற்கும் இடம் நல்லது. சிம் தொலைந்தாலும், உங்கள் எண்ணுக்கு வேறொருவர் டூப்ளிகேட் சிம் வாங்கினாலும் எஸ்எம்எஸ் அவர் கைக்குப் போய்விடும். டொமைன் கணக்கு பறிபோனால் தளம் மட்டுமல்ல, அந்தப் பெயரில் உள்ள எல்லா மின்னஞ்சலும் போகும். அந்த மின்னஞ்சலில் திறக்கக்கூடிய மற்றக் கணக்குகளும் சேர்ந்தே போகும்.

டிஎன்எஸ் பகுதியில் ஏ, சிநேம், எம்எக்ஸ், டெக்ஸ்ட் பதிவுகளைக் கூடுதல் காசு இல்லாமல் சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள். தளம் திறக்க ஏ அல்லது சிநேம் தேவை, மின்னஞ்சல் சரியாகப் போய்ச்சேர எம்எக்ஸும் டெக்ஸ்டும் தேவை. கூகுள், மைக்ரோசாஃப்ட் எதில் மின்னஞ்சல் அமைத்தாலும் உரிமையை நிரூபிக்க டெக்ஸ்ட் பதிவைத்தான் பொதுவாகக் கேட்பார்கள். டிஎன்எஸ் பதில்கள் போலியானவை அல்ல என்று உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் வசதி இருப்பது கூடுதல் நன்மை.

கிளவுட்ஃப்ளேரின் நிபந்தனை இங்கேதான் வருகிறது. அங்கே பதிந்த டொமைனுக்கு அவர்களுடைய நேம்சர்வரையே பயன்படுத்த வேண்டும். ஹோஸ்டிங் நிறுவனம் ‘எங்கள் நேம்சர்வரைப் போடுங்கள்’ என்று கேட்டால் அது நடக்காது, ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். டிஎன்எஸ் பழகியவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. முதல்முறை வாங்குபவருக்கு இது தலைவலி.

9. வாங்கும் முன் ஒரு கேள்வி அனுப்பிப் பாருங்கள்

சாட்டிலோ மின்னஞ்சலிலோ இப்படிக் கேளுங்கள்: ‘என் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போனால், கணக்கை மீட்க என்ன ஆவணம் கேட்பீர்கள்? எத்தனை நாள் ஆகும்?’

தெளிவான பதில் வந்தால் அங்கே மனிதர்கள் வேலை செய்கிறார்கள். ஆஃபர் கூப்பனும், விற்பனைப் பிரிவின் அழைப்பும் மட்டும் பதிலாக வந்தால், நெருக்கடி நாளிலும் அதுதான் வரும். பிரபலமான பெயரா, சின்னப் பெயரா என்பதைவிட இந்தப் பதிலுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

10. கார்ட் பக்கத்தில் நிதானம்

பெயரைத் தட்டியதும் வரும் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படியுங்கள். வருடம் என்ற கட்டத்தில் 1-க்குப் பதில் 2 அல்லது 3 என்று முன்கூட்டியே தேர்வாகியிருக்கலாம். அதற்குக் கீழே ‘புரொஃபஷனல் மின்னஞ்சல், முதல் மாதம் இலவசம்’, ‘வெப்சைட் பில்டர்’, ‘எஸ்எஸ்எல் சான்றிதழ்’ என்று வரிசையாக நிற்கும். சிலவற்றில் டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தளத்துக்கும் பார்வையாளருக்கும் இடையிலான தொடர்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல்லைப் பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்கள் இலவசமாகவே அமைத்துத் தருகின்றன. முதல் மாதம் இலவசம் என்பதற்கு இரண்டாம் மாதம் கார்டிலிருந்து பணம் போகும் என்று பொருள்.

எழுத்துகளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். பதிந்த பிறகு ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. தவறாகப் பதிந்துவிட்டால் அன்றே ரெஜிஸ்ட்ராரிடம் சொல்லுங்கள். டாட் காமுக்கு முதல் ஐந்து நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் ரத்து செய்து பணம் தரும் ரெஜிஸ்ட்ரார்கள் இருக்கிறார்கள், தராதவர்களும் இருக்கிறார்கள்.

எத்தனை வருடம்? அதிகபட்சம் 10 வருடம் வரை எடுக்கலாம். புதிய ரெஜிஸ்ட்ராராக இருந்தால் முதலில் ஒரு வருடம் போதும். நன்றாக நடத்துகிறார் என்று தெரிந்த பிறகு மூன்று, ஐந்து என்று நீட்டிக்கொள்ளுங்கள்.

11. பணம் கட்டியதும் செய்ய வேண்டியவை

மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு அஞ்சல் வரும். விளம்பரம் என்று நினைத்துப் பலர் அதைத் தொடுவதே இல்லை. டாட் காம் போன்ற பெயர்களுக்கு 15 நாளுக்குள் அதை உறுதிசெய்யாவிட்டால் டொமைனை முடக்கிவிடலாம் என்பது விதி. ‘இரண்டு வாரம் நன்றாக ஓடிய தளம் திடீரென்று நின்றுவிட்டது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்த அஞ்சலைப் பற்றித்தான். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்.

அடுத்து, லுக்கப் டாட் ஐகேன் டாட் ஆர்க் தளத்தில் உங்கள் டாட் காம் பெயரை இட்டுத் தேடுங்கள். ரெஜிஸ்ட்ரார் என்ற இடத்தில் நீங்கள் எதிர்பார்த்த பெயர் இருக்கிறதா? காலாவதி தேதி சரியா? ஸ்டேட்டஸ் வரியில் ‘கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்’ என்று இருந்தால் பூட்டு போட்டிருக்கிறது, நல்லது. ‘கிளையன்ட் ஹோல்ட்’ என்று இருந்தால் ரெஜிஸ்ட்ரார் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறார், உடனே காரணம் கேளுங்கள். ப்ரைவசி இருந்தால் உங்கள் பெயர் அங்கே தெரியாது, பயப்பட வேண்டாம். கணக்குக்குள் சென்று ரெஜிஸ்ட்ரன்ட் விவரம் உங்களுடையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, பேக்கப் கோடுகளைக் காகிதத்தில் அச்சிட்டு, கடை உரிமம் போன்ற ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள்.

பதிவு செய்த சில நாளில் மோசடி அஞ்சல்களும் வரும். ‘உங்கள் பெயரைச் சீனாவில் வேறொரு நிறுவனம் பதியப்போகிறது’, ‘தேடுபொறியில் உங்கள் டொமைனைப் பதிவு செய்யக் கட்டணம்’ என்பவை வழக்கமானவை. எந்த அஞ்சலின் இணைப்பையும் தொட்டுப் பணம் கட்டாதீர்கள். ரெஜிஸ்ட்ரார் தளத்தின் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பாருங்கள். உண்மையான பில் என்றால் அங்கே இருக்கும்.

12. ரினியூவலை ஆட்டோவிடம் மட்டும் விடாதீர்கள்

ஆட்டோ ரினியூவலை இயக்கி வையுங்கள், ஆனால் இந்தியக் கார்டை வைத்துக்கொண்டு அதை மட்டும் நம்ப முடியாது. 2021 அக்டோபர் முதல், தானாகத் திரும்பத் திரும்பப் பிடிக்கும் கட்டணங்களுக்கு வாடிக்கையாளர் முன்கூட்டியே இ-மேண்டேட் என்ற மின்னணு ஒப்புதலைக் கொடுத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. இந்த முறையில் சேராத வெளிநாட்டு நிறுவனம் கட்டணத்தைப் பிடிக்க முயன்றால் வங்கி மறுத்துவிடும். ‘ஆட்டோ ரினியூவல் ஆன்’ என்று தளத்தில் பச்சை நிறத்தில் எரிந்துகொண்டிருக்கும், பணம் மட்டும் போயிருக்காது.

ஆகவே காலாவதிக்கு 60 நாள் முன்பாகக் கைபேசிக் காலண்டரில் ஒரு நினைவூட்டலை வையுங்கள். உரிமையாளர், கணக்குப் பார்ப்பவர் என்று இரண்டு பேர் கைபேசியில் இருந்தால் இன்னும் நல்லது.

தேதி தவறிவிட்டால், டாட் காமுக்கு என்ன நடக்கும்? முதலில் சலுகைக் காலம், 45 நாள் வரை போகலாம். எவ்வளவு என்பது ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்தது. பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் வழக்கமான கட்டணத்திலேயே மீட்டுவிடலாம், ஆனால் தளமும் மின்னஞ்சலும் நின்றிருக்கும். சில ரெஜிஸ்ட்ரார்கள் இந்தக் காலத்திலேயே பெயரை ஏலத்துக்கு விடுகிறார்கள். அடுத்து 30 நாள் ரிடெம்ப்ஷன் காலம், இதில் மீட்க ரினியூவலைவிடப் பல மடங்கு தொகை கேட்பார்கள். கடைசி ஐந்து நாள் நீக்கத்துக்குக் காத்திருக்கும் காலம், அப்போது யாராலும் எதுவும் செய்ய முடியாது. அதன் பிறகு பெயர் யாருக்கு வேண்டுமானாலும் போகும். ரிடெம்ப்ஷன் கட்டணம் எவ்வளவு என்பதை 6-ஆம் படியில் விலைப்பட்டியலைப் பார்க்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

13. டொமைன் ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் இருந்தால்

முதலில் சண்டை வேண்டாம். பழைய டிசைனர் பேசும் நிலையில் இருக்கிறார் என்றால், எளிய வழி ஒன்று உண்டு. அவர் பயன்படுத்தும் அதே ரெஜிஸ்ட்ராரில் நீங்கள் ஒரு கணக்குத் தொடங்குங்கள். கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றும் வசதி பெரும்பாலான இடங்களில் இருக்கிறது, பொதுவாகக் கட்டணமும் இல்லை. அவருடைய மற்ற வாடிக்கையாளர்களின் பெயர்கள் பாதிக்கப்படாது என்பதால் அவரும் தயங்க மாட்டார்.

வேறு ரெஜிஸ்ட்ராருக்கே கொண்டுபோக வேண்டும் என்றால் வரிசை மிக முக்கியம். உரிமையாளர் விவரத்தை முதலில் மாற்றினால் 60 நாள் பூட்டு விழுந்துவிடும். ஆகவே பழைய விவரத்தோடே டிரான்ஸ்ஃபரை முடித்துவிட்டு, புதிய இடத்தில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். உறுதிப்படுத்தும் அஞ்சல் பழைய முகவரிக்குப் போகக்கூடும் என்பதால், டிசைனரிடம் முன்பே சொல்லி வையுங்கள். காலாவதிக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே தொடங்குங்கள்.

டிரான்ஸ்ஃபரைத் தொடங்கும் முன், இப்போதுள்ள எல்லா டிஎன்எஸ் பதிவுகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பழைய ரெஜிஸ்ட்ராரின் இலவச நேம்சர்வரைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், பெயர் அங்கிருந்து போனதும் அந்தப் பதிவுகளும் அழிந்துபோகலாம். தளம் நின்றால் உடனே கண்ணில் படும். எம்எக்ஸ் பதிவு போனால், வரவேண்டிய ஆர்டர் அஞ்சல்கள் வராமலே போய்க்கொண்டிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். புதிய இடத்திலோ தனி டிஎன்எஸ் சேவையிலோ பதிவுகளை முன்பே அமைத்து, நேம்சர்வரை மாற்றி, இரண்டு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். டிஎன்எஸ்செக் இயக்கத்தில் இருந்தால் நேம்சர்வரைத் தொடும் முன்பே அதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் பலருக்குத் தளம் திறக்காது.

அதன் பிறகு லாக்கைத் திறந்து, ஆத் கோடை வாங்கி, புதிய ரெஜிஸ்ட்ராரிடம் கொடுத்துப் பணம் கட்டுங்கள். பழைய ரெஜிஸ்ட்ரார் அனுப்பும் அஞ்சலில் ஒப்புதல் தந்தால் சீக்கிரம் முடியும். யாரும் மறுக்காவிட்டால் ஐந்து நாளில் தானாக நடந்துவிடும். டாட் காமுக்கு நீங்கள் கட்டும் தொகை வீணாகாது, காலாவதி தேதியில் ஒரு வருடம் கூடும்.

பெயர் வந்து சேர்ந்ததும் லாக்கைத் திரும்பப் போடுங்கள், ரெஜிஸ்ட்ரன்ட் விவரத்தை மாற்றுங்கள். உங்கள் முகவரியிலிருந்து அந்த டொமைனின் முகவரிக்கு ஒரு அஞ்சல் அனுப்பி, அது வந்து சேர்கிறதா என்று பாருங்கள். பழைய கணக்கில் உங்கள் கார்டு சேமித்து வைக்கப்பட்டிருந்தால் அதை நீக்கச் சொல்லிவிடுங்கள்.